வெள்ளிக் கம்பியில காயில் சுத்தப் போறியாக்கும்!

ஏங் கண்ணு, நீ குடுத்துட்டுப் போன பட்டியலக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிச்சேன். நம்பிக்கை வரல. கண்ணாடியத் தொடச்சுப்போட்டு மறுபடியும் படிச்சேன். அப்பவும் அதேதான் எழுதியிருக்குது.

ஆக்சிஜன் இல்லாத செப்புக் கம்பி. அதுக்கு மேல வெள்ளி முலாம். உள்ளாற என்ன இருக்குதுன்னு தெரியற அக்ரிலிக் குழாய். கப்பல்ல வர்ற எபாக்சி. 200 டிகிரி தாங்கற எனாமல். கடைசியில, கம்பியில வேர்வை படாம இருக்க வெள்ளைக் கையுறை ஒரு டப்பா. ஏஞ்சாமி, நீ டெஸ்லா காயில் சுத்தறியா, இல்ல கண்ணு ஆபரேசனுக்குத் தயாராகறியா?

டெஸ்லா காயில்ங்கறது என்ன? ஒரு குழாய் மேல மெல்லிசுக் கம்பி ஆயிரஞ் சுத்து. அடியில தடிச்ச செப்புல பத்துச் சுத்து. உச்சியில ஒரு உருண்டை, அதுல இருந்து பொறி பறக்கும். அம்புட்டுத்தான். நிக்கோலா டெஸ்லா 1891-லயே செஞ்சு காட்டிப்போட்டார். அவருகிட்ட அக்ரிலிக் இருந்துச்சா? எபாக்சி இருந்துச்சா? அந்தச் சாமானெல்லாம் அன்னிக்குக் கடைக்கே வரல.

நான் மோட்டார் கட்டியே தலை நரைச்சவன். கெணத்து மோட்டார், போர் மோட்டார், மில்லு மோட்டார், எல்லாத்துலயும் கருகின செப்ப மோந்து பாத்தவன். காயில் போனா எதனால போச்சுன்னு மூக்கே சொல்லும். செப்பு ஒசத்தியா இல்லாததால போன காயில் ஒண்ணு இருந்தாக் கொண்டுவந்து காட்டு, நான் தொழிலயே மாத்திக்கறேன். ஈரத்தால போகும். எனாமல் செதஞ்சு போகும். கட்டறவன் அவசரப்பட்டுப் போகும். இந்த மூணுக்கும் உன்ற பட்டியல்ல ஒத்த வரி இல்ல.

சந்தையில மாடு புடிக்கப் போறவங்களப் பாத்திருக்கியா? நெத்தியில எத்தனை சுழி, முதுகுல எங்க சுழி, அது குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதான்னு அரை நாள் விசாரிப்பாங்க. ஓட்டிக்கிட்டு வீடு வந்து சேர்றப்பத்தான் பின்னங்கால் நொண்டறது தெரியும். உன்ற பட்டியல் பூராச் சுழிதாண்டா கண்ணு. காலு எங்க?

சரி, வெள்ளிக்கு வருவோம். உலோகத்துலயே மின்சாரத்தத் தடையில்லாம விடறது வெள்ளிதான், ஒத்துக்கறேன். செப்ப விட எத்தனை ஒசத்தி? நூத்துக்கு ஆறு. அந்த ஆறுக்கு என்ன வெலை குடுக்கறன்னு உங்கொப்பனுக்குத் தெரியுமா? நாளைக்கு ஒருத்தன் வந்து தங்கத்துல சுத்தினா இன்னும் ஜோராப் பொறி வரும்பான். தங்கம் செப்ப விட மட்டம்! செப்பு நூறு விட்டாத் தங்கம் எழுவதுகிட்டத்தான் விடும். தங்கத்தோட பெருமையெல்லாம் துரு ஏறாததுல இருக்குது. அது கழுத்துல கெடக்கட்டும்.

வெள்ளியிலயே காயில் கட்டினவங்களும் உண்டு. எதுக்குக் கட்டினாங்கன்னு கேளு. 1942-ல அமெரிக்காக்காரன் அணுகுண்டுக்கு யுரேனியம் பிரிக்க ஓக் ரிட்ஜுல ராட்சச மின்காந்தம் கட்டோணும்னான். சண்டைக் காலம், செப்பெல்லாம் குண்டுக்கும் தோட்டாவுக்கும் போயிருச்சு. என்ன பண்ணினான்? கஜானாவுல சும்மாக் கெடந்த வெள்ளியக் கடன் கேட்டான். 13,000 டன்னுக்கு மேல! டன் கணக்குல வெள்ளி கேட்டா கஜானாக்காரன் முகம் எப்படிப் போயிருக்கும்? அவங்க வெள்ளிய அவுன்ஸ்ல நிறுத்துப் பழகினவங்க. கடைசியில உருக்கிப் பட்டையா இழுத்துச் சுத்தினாங்க. சண்டை முடிஞ்ச பொறவு கொஞ்சங் கொஞ்சமாத் திருப்பிக் குடுத்து, 1970-லதான் கணக்குத் தீந்துச்சு. பாத்துக்கோ. வெள்ளியில சுத்தினவன் செப்புக் கெடைக்காமத்தான் சுத்தினான். உனக்கென்ன, நம்ம கோயமுத்தூர்க் காந்திபுரத்துல செப்புத் தீந்துபோச்சா?

ஆக்சிஜன் இல்லாத செப்பும் அந்தக் கதைதான். பாட்டுப் பொட்டி விக்கறவங்க கெளப்பி விட்ட மோகம். கடையில கிலோக் கணக்குல விக்கற வைண்டிங் கம்பியே மின்சாரத்துக்குன்னு சுத்தம் பண்ணின செப்புதான். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்த அளக்கற மீட்டர் உன்றகிட்டயும் இல்ல, என்றகிட்டயும் இல்ல.

அப்புறம் பட்டியல் ஓரத்துல பென்சில்ல என்னமோ கிறுக்கி வெச்சிருந்தியே, லிட்ஸ் கம்பின்னு. தலைமுடி கனத்துக்கு ஏகப்பட்ட இழைய முறுக்கின கம்பி. அதுக்குக் காரணமும் சொல்லுவ, எனக்குத் தெரியும். வேகமா ஆடற மின்சாரம் கம்பியோட நடுவுல போகாம மேல்தோல்லயே ஓடும்பாங்க. நெசந்தான். ஆனாக் கணக்குப் போட்டியா? உன்ற காயில் வினாடிக்கு ரெண்டு லட்சம் தடவ கிட்டத்துல ஆடும். அந்த வேகத்துல செப்புல மின்சாரம் எறங்கற ஆழம் 0.15 மில்லிமீட்டர். நீ சுத்தப் போற கம்பியோட மொத்தக் கனமே 0.38 மில்லி. மேல்தோலுல இருந்து நடு மையத்துக்கு 0.19-தான். அப்ப நடுவுல வீணாக் கெடக்கற செப்பு எத்தனை? எலி கொறிக்கக் கூடக் காணாது. அதுக்குப் போய் இழை இழையா முறுக்கினதுக்குக் காசு குடுக்கறியாக்கும்.

இனிக் கடைக்குப் போகலாம் வா. இங்கதான் காசும் போகும், மானமும் போகும்.

மொதல்ல நெம்பரு. நீ படிச்சது அமெரிக்காக்காரன் எழுதினது. அவன் 28-ம் நெம்பர் கம்பின்னு எழுதியிருப்பான். நீயும் கோயமுத்தூர்ல வந்து 28 குடுங்கம்ப. கடைக்காரரும் எடுத்துத் தருவாரு, அவருக்கென்ன? ஆனா அவன் 28-க்குக் கனம் 0.32 மில்லி. நம்ம கடையில ஓடறது இங்கிலீஸ்காரன் விட்டுட்டுப் போன கேஜு, அதுல 28-ன்னா 0.376. அதே நெம்பரு, வேற கம்பி. அமெரிக்காக்காரன் 28 வேணும்னா இங்க 30 கேக்கோணும், அது 0.315. நெம்பர் ஏற ஏறக் கம்பி மெலியுங்கறதாச்சும் தெரியுமா? நெம்பரே வேண்டாம், மில்லியில கேளு. கடைக்காரருகிட்ட மைக்ரோமீட்டர் இருக்கும், அளந்து காட்டச் சொல்லு. மாட்டேன்னா அடுத்த கடைக்குப் போ. மோட்டார் ஊருல கம்பிக் கடைக்கா பஞ்சம்? 1937-லயே ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செஞ்சு வித்த ஊருடா இது.

ரெண்டாவது, உள்ளாற அலுமினியம், மேல செப்புப் பூச்சு. இப்ப இது நெம்ப நடமாடுது. வெளியில பாத்தா வித்தியாசமே தெரியாது. ஒரு முனைய பிளேடுல நல்லாச் செரண்டு. வெள்ளையாப் பல்லிளிச்சா அலுமினியம். இல்லைன்னா உருளையக் கையில எடுத்துப் பாரு, செப்பு அலுமினியத்த விட மூணு மடங்குக்கு மேல கனம். காயில் அதுலயும் ஓடும், நான் ஓடாதுன்னு சொல்லல. செப்பு வெலை குடுத்து அலுமினியம் வாங்கினேன்னு ஊருக்குள்ள சொல்லிக்காத, அம்புட்டுத்தான்.

மூணாவது, பழைய கம்பி. கருகின மோட்டார்ல உருவினது, பழைய டிரான்ஸ்பார்மர்ல அவுத்தது. முட்டுவழி மிச்சம்னு கொண்டுவருவாங்க. ஒருக்கா வளைச்சு, சூடேறி, வார்னிஷ்ல ஊறி, மறுபடி நிமுத்தின கம்பியில எனாமல் எங்க வெடிச்சிருக்குதுன்னு கண்ணுக்குத் தெரியாது. மின்சாரத்துக்குத் தெரியும். பழசு எடைக்குப் போகட்டும்.

போர் மோட்டாருக்குப் போடற பிளாஸ்டிக் சுத்தின கம்பி இன்னும் பந்தோபஸ்தா இருக்கும்னு ஒரு யோசனை வருமே உனக்கு? அது தண்ணிக்குள்ளாற நிக்கறதுக்குன்னு செஞ்சது. அந்தத் தோலு கனத்துல சுத்து பாதியாக் கொறஞ்சு போகும். சாதா எனாமல் போதும். எப்படிப் போதும்னு கேக்கோணும்ல நீ? கேக்க மாட்ட. நானே சொல்றேன். உச்சியில மூணு லட்சம் வோல்ட் வருதுன்னு வெச்சுக்கோ. கேக்கவே பயமாத்தான் இருக்கும். ஆனா அது ஆயிரத்து எரநூறு சுத்துல பங்காகுது. ஒரு சுத்துக்கும் பக்கத்துச் சுத்துக்கும் எத்தனை? எரநூத்தம்பது வோல்ட்டு. வீட்டு பிளக்குல வர்றது கூட ஏறக்கொறைய அத்தனைதான். நல்ல எனாமல் ஆயிரக்கணக்குல தாங்கும். அந்த 200 டிகிரி சமாச்சாரமும் வேண்டாம். நாள் பூரா ஓடற மோட்டாருக்கு அது தேவை. நீ ரெண்டு நிமிசம் ஓட்டி வீடியோ எடுத்துப்போட்டு அமத்தப் போற.

ஒத்த அடுக்குல சுத்தறவரைக்குந்தான் இந்தக் கணக்கு. ஒரு அடுக்கு மேல இன்னொரு அடுக்கு ஏத்தினா முதல் சுத்தும் கடைசிச் சுத்தும் பக்கத்துல பக்கத்துல வந்து உக்காந்துக்கும். எரநூத்தம்பது எங்க, லட்சம் எங்க?

இதுல பட்டுப் பட்டுத்தான் அந்தக் காலத்துக்காரங்க படிச்சாங்க. அவங்க பட்ட பாடு நெம்ப ருசியான கதை. அமெரிக்காவுல ஜோசப் ஹென்றின்னு ஒரு வாத்தியாரு, 1820-கள் கடைசியில, எனாமல் கம்பி இல்லாத காலம், வெறுங் கம்பிக்குப் பட்டுத்துணியச் சுத்தினார். பெண்டாட்டி பாவாடையக் கிழிச்சார்னு ஒரு கதை ஓடுது, அது கதைதான். பட்டுச் சுத்தினது நெசம். அயர்லாந்துல மேனூத் காலேஜுல நிக்கோலஸ் காலன்னு ஒரு பாதிரியார். 1836-ல அவரு உசந்த வோல்ட்டுக் காயில் செஞ்சார். பின்னாடி பெருசாக் கட்டறப்பச் செப்பு கட்டுபடியாகல. மெல்லிசு இரும்புக் கம்பிய எடுத்து, தேன்மெழுகையும் மரப்பிசினையும் உருக்கிப் பூசினார். இரும்பு! உன்ற பட்டியலக் கண்டிருந்தா மனுசன் சிலுவை போட்டிருப்பார். காயில் எத்தனை பலமா வேலை செய்யுதுன்னு பாக்கப் பசங்களுக்கே ஷாக் குடுத்துப் பாத்தாராம். மயங்கி விழுந்த பையன் ஒருத்தன் பின்னாடி டப்ளின் ஆர்ச்பிஷப் ஆனானாம். அந்தப் பாகத்த மட்டும் நீ பின்பத்த வேண்டாம்.

அப்புறம் பாரீசுல ரூம்கார்ஃப். அவரு காயில்ல அடுக்குக்கு அடுக்கு பொறி தாண்டி உள்ளாறயே எரியும். பாஸ்டன்ல ரிச்சின்னு ஒருத்தர் யோசிச்சார். நீளவாக்குல அடுக்கடுக்காச் சுத்தாம, தட்டுத் தட்டாப் பிரிச்சுச் சுத்தினா வோல்ட்டு அதிகம் இருக்கற எடமும் கம்மியா இருக்கற எடமும் தள்ளித் தள்ளி நிக்குமே! ரூம்கார்ஃபும் அந்த வழிக்கு வந்தார். 1864-ல பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூணாம் நெப்போலியன் அவருக்கு 50,000 பிராங்கு பரிசு குடுத்தான். ஒசத்திக் கம்பிக்கா குடுத்தான்? எந்தச் சுத்துப் பக்கத்துல எந்தச் சுத்து உக்காரோணும்னு தெரிஞ்சதுக்கும் சேத்துத்தான். இங்கிலாந்துல ஸ்பாட்டிஸ்வுட்னு ஒரு பெரிய மனுசன் 1877 வாக்குல கட்டி வாங்கின காயில்ல 280 மைல் கம்பி. மெட்ராசுல புடிச்சு மதுரைக்குப் பக்கமா வந்துரும். பொறி 42 அங்குலம். 280 மைல்ல எங்கியோ ஒரு முழம் மேலுறை செதஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? யாரு பிரிச்சுப் பாக்கறது?

உனக்கு மைல் கணக்கு வேண்டாம். நாலு இஞ்சுப் பைப்பு, வெளி அளவு 110 மில்லி. சுத்தற நீளம் அரை மீட்டர். அகலத்தப் போல நாலு, நாலரை மடங்கு ஒசரம், அது போதும். 0.376 கம்பி எனாமலோட சேந்து 0.42 வரும். அரை மீட்டர்ல 1,190 சுத்து உக்காரும். கம்பி நீளம் 410 மீட்டர் சொச்சம். எடை நானூறு கிராம். அரைக்கிலோ உருளை ஒண்ணு, ஒட்டு இல்லாம வாங்கிக்கோ. நடுவுல பத்த வெச்ச ஒட்டு ஒண்ணு வந்துச்சுன்னா அந்த மேட்டுல இருந்துதான் பொறி கெளம்பும். பாத்தியா, உன்ற மொத்தக் கம்பிச் செலவும் அரைக்கிலோ செப்பு. இதுக்கா ரெண்டு மாசம் தூக்கம் கெட்ட?

இனிக் குழாய். அக்ரிலிக் எதுக்குன்னு கேட்டா, பி.வி.சி. மின்சாரத்தக் குடிக்கும்ப. கொஞ்சங் குடிக்கும், இல்லைங்கல. ஆனா அக்ரிலிக் குடிக்காதுன்னு உனக்கு யாரு சொன்னா? அந்த விசயத்துல ரெண்டும் பங்காளிங்கதான். நெசமாவே குடிக்காத குழாய் வேணும்னா பாலிபுரொப்பிலீன் தேடிப் போகோணும். அதுலயும் வார்னிஷும் ஒட்டாது, பசையும் ஒட்டாது, நீ அழுதுக்கிட்டு என்றகிட்ட வருவ. இடைவெளியில பொறி அடிச்சு ஓட்டற காயில்ல அந்தப் பொறியே எத்தனை சக்திய முழுங்குதுன்னு தெரிஞ்சா, குழாய் குடிக்கறதப் பத்திப் பேசவே மாட்ட. கூரை பறந்து கெடக்கற வீட்டுல ஜன்னல் இடுக்க அடைக்கற வேலை எதுக்கு?

வீட்டுக் கழிவுத் தண்ணிக்குப் போடற பி.வி.சி. பைப்பே எடு. எழுத்து அச்சடிச்சிருப்பான், எமரிப் பேப்பர்ல தேச்சு எடுத்துரு. ஸ்பிரிட் வெச்சுத் தொடை. ரெண்டு நாள் வெயில்லயோ மச்சுலயோ வெச்சு ஈரம் போகக் காய வெய்யி. ஒரு கோட்டு வார்னிஷ் அடிச்சுப்போட்டு அப்புறம் சுத்து. இதுல ஒரு காசு அதிகச் செலவு உண்டா? இதத்தான் எவனும் செய்யறதில்ல.

தோட்டத்துல கெடக்கற கருப்புப் பைப்ப மட்டும் தொடாத. வெயில் தாங்கறதுக்குக் கரி கலந்திருப்பான். கரி எந்தக் கட்சின்னு உனக்கே தெரியும். துணி உருட்டி வர்ற அட்டைக் குழாய் திருப்பூர்ல கேட்டாச் சும்மாவே குடுப்பாங்க. அதுவும் ஆகும். ஆனா அட்டை ஈரத்த உறிஞ்சும். நல்லாச் சுட வெச்சு, சூடு ஆறங்குள்ள உள்ளயும் வெளியவும் வார்னிஷ் குடுத்துப் பூட்டிப்போடோணும். ஐப்பசி மழையில இந்த வேலைய ஆரம்பிக்காத. மாசியில ஆரம்பி.

மரம் ஆகாதும்பாங்க. காஞ்ச மரம் ஆகும். டெஸ்லாவே 1899-ல கொலராடோ ஸ்பிரிங்சுல ஊர விட்டு ஒதுங்கி ஒரு கொட்டாய் போட்டு, ஏறக்கொறைய 50 அடி அகலத்துக்கு வட்டமா மரச்சட்டம் நிறுத்தி, அது மேலதான் கம்பி சுத்தினார். அதுலதான் மின்னல் மாதிரிப் பொறியெல்லாம் விட்டார். அப்புறங் கடன் கழுத்துக்கு வந்து, 1904-ல அந்தக் கொட்டாயவே பிரிச்சுப் பலகைய வித்துப்போட்டாங்க. அக்ரிலிக்கா இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் நல்ல வெலை போயிருக்கும், அதையுஞ் சொல்லோணும்.

குழாயில ஓட்டை போடாத. இத நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன். கம்பி முனையச் செருகறதுக்கு ஒரு ஓட்டை, மூடி நிறுத்த ஒரு போல்ட்டு, அடி முனைய உள்வழியா மேல கொண்டுவர ஒரு கம்பின்னு ஆரம்பிச்சா முடிஞ்சுது. வெளிய ஆட வேண்டிய பொறி ஓட்டை வழியா உள்ள பூந்து குழாய் நடுவுலயே ஆடும். அப்புறம் கருகின தடம் விழுந்துரும். கரி விழுந்த தடம் மின்சாரத்துக்கு ரோடு. மேலயும் கீழயும் டேப்புல முனைய ஒட்டி நிறுத்து, போதும்.

ஜகதீஷ் சந்திர போஸ் தெரியுமில்ல? செடிக்கு உசிரு இருக்குதுன்னு பாடத்துல படிச்சிருப்ப. அதுக்கு முந்தி அவரு கல்கத்தாவுல மின்காந்த அலைக்காரர். 1895 வாக்குல டவுன் ஹால்ல, சுவத்துக்கு அக்கட்டால இருந்த மணிய அலை விட்டே அடிச்சார். வெடிமருந்தப் பத்த வெச்சார். அவரும் ரூம்கார்ஃப் காயில்தான் வெச்சிருந்தார். சீமையில இருந்து சாமான் வர்ற வரைக்கும் உக்காந்துக்கிட்டு இருக்கல, உள்ளூர்த் தகரக்காரர வெச்சே கருவி செய்ய வெச்சார். அலை எந்தப் பக்கம் சாஞ்சு ஆடுதுன்னு பிரிச்சுப் பாக்க ஒரு கருவி வேணும். என்ன பண்ணினார் தெரியுமா? பிராட்ஷா ரயில் டயம்டேபிள் புஸ்தகத்த எடுத்து, தாளுக்குத் தாள் நடுவுல ஈயத்தாளச் செருகினார். கருவி ரெடி! இன்னொரு சோதனைக்குச் சணல முறுக்கி வெச்சார். ஆனாப் பொறி அடிக்கற சின்னக் குண்டுக்கு மட்டும் பிளாட்டினம் போட்டார். ஏன்? பொறி பட்டுப் பட்டு அது சொரசொரப்பாப் போனா அலை கெட்டுப் போகும். தாளுக்கு ரயில்வே, குண்டுக்குப் பிளாட்டினம். உன்ற பட்டியலும் அவரு பட்டியலும் எங்க பிரியுதுன்னு இப்பத் தெரியுதா? நீயா இருந்தா டயம்டேபிளுக்கும் பிளாட்டினம் கேட்டிருப்ப.

வார்னிஷ் சேதி கொஞ்சந்தான். எங்க பட்டறையில இருக்கற செவப்பு வார்னிஷ் வேண்டாம், அதுல நெறத்துக்குப் பொடி கலந்திருக்கும். தெளிஞ்ச வார்னிஷ் எடு. பாலியூரித்தேன் நல்லது. ஆசாரிமாரு கதவுக்குப் பாலிஷ் போடற அரக்கு, ஸ்பிரிட்ல கரைச்சது, அதுவும் நல்லது. அந்த அரக்குலதான் உங்க தாத்தன் காலத்து 78 இசைத்தட்டெல்லாம் செஞ்சாங்க. உன்ற கப்பல் எபாக்சியும் ஆகும், நான் குத்தஞ் சொல்லல. ஆனா ஒரே பூச்சுல கெட்டியா ஊத்தாத. மெல்லிசா நாலஞ்சு கோட்டு. காயறவரைக்கும் குழாயப் படுக்க வெச்சுச் சுத்திக்கிட்டே இரு, இல்லைன்னா அடியில வழிஞ்சு முத்து முத்தாத் தொங்கும். முத்துக்குள்ள காத்துக் குமிழ் இருந்துச்சுன்னா முதல் பொறி அங்கதான்.

சுத்தற அன்னிக்குச் சோறு தின்னுபோட்டு உக்காரு. நடுவுல எந்திரிக்கற வேலை வெச்சுக்காத. போன அட்டாலியில தூக்கிப் போடு. பைப்போட ரெண்டு முனைக்கும் மரக்கட்டையில மூடி செஞ்சு, நடுவுல ஒரு கம்பி கோத்து, ரெண்டு நாற்காலிக்கு இடையில படுக்க வெச்சாப் போதும். லேத்து வேண்டாம், கடனுக்கு மெசின் வேண்டாம். ஒருத்தர் பைப்பத் திருப்போணும், ஒருத்தர் கம்பிய விரல்ல இழுத்துப் புடிச்சு ஒட்டி ஒட்டி விடோணும். உங்கம்மாவ உக்கார வெய்யி, அவங்க கை நிதானம் உனக்கு வராது. நூறு சுத்துக்கு ஒருக்கா டேப்பு ஒரு துண்டு ஒட்டிக்கோ. பொறத்தால வந்து யாராச்சும் தோளுல தட்டினா மொத்தமும் கலகலன்னு அவுந்து வரும், அப்ப அந்த டேப்புத்தான் காப்பாத்தும். ஒரு சுத்து மேல இன்னொரு சுத்து ஏறிப்போச்சா? பரவாயில்லன்னு மேல போகாத. பின்னால அவுத்துப் போயிச் சரி பண்ணு. இடைவெளி விழுந்தாக்கூட மன்னிக்கலாம், ஏறினா மன்னிப்பே கெடையாது. கையுறையா? கையச் சோப்புப் போட்டுக் கழுவித் தொடச்சுக்கோ. அதுதான் கையுறை.

அடியில போடற தடிச்ச சுத்துக்கு ஏ.சி.க்காரன்கிட்டக் கால் இஞ்சு செப்புக் குழாய் கேளு. நூத்துக்கணக்குல ஆம்பியர் பாயற எடம், அங்கதான் மேல்தோல் கணக்கு நெசமாவே உதவும். உள்ளாற பொக்கையா இருக்கறதால நட்டமில்ல. ஒரு சுத்துக்கும் அடுத்ததுக்கும் கால் இஞ்சு இடம் விடு. அதுக்குத் தாங்கல் கேட்டா, காய் நறுக்கற வெள்ளைப் பிளாஸ்டிக் பலகைய அறுத்துக்கோ. பளபளன்னு தேச்சு மெழுகு போட்டு வெக்கறவன் ஒருத்தனப் பாத்திருக்கேன். மின்சாரம் கண்ணாடி பாக்குமா?

உச்சி உருண்டைக்கு வெளிநாட்டுல கடைஞ்சது வேண்டாம். மடங்கற அலுமினியக் குழாய வளையமா வளைச்சுக்கலாம். இல்லைன்னா எவர்சில்வர் போசி ரெண்டு, வாயோட வாய் வெச்சு. விளிம்பு கூரா இருக்கப் படாது, பேரு வெட்டின மேடு இருக்கப் படாது. கல்யாணத்துக்கு வெச்சுக் குடுத்த போசியில மாமன் பேரு வெட்டியிருக்கும், அத எடுத்துட்டு வந்துராத. அந்தப் பேருல இருந்து பொறி கெளம்பும், மாமனுக்குச் சந்தோசமா இருக்கலாம், காயிலுக்கு ஆகாது.

எர்த்துக்கு வருவோம். காயிலோட அடி முனைய வீட்டு பிளக்கோட எர்த்துல கொண்டுபோயிச் சொருகினீன்னா டி.வி.யும் போகும், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரும் போகும், பக்கத்து வீட்டுக்காரரும் வருவாரு. பொடக்காளியில தனியா ஒரு கம்பி அடிச்சுத் தண்ணி ஊத்தி அதுல கட்டு. குழி தோண்டறது அழுக்கு வேலைதான். அதனாலதான் பட்டியல்ல இல்ல.

அப்புறம் ஒண்ணு. மேல ஆடற பொறியத்தான் எல்லாரும் வாயப் பொளந்து பாப்பாங்க. அதுவுஞ் சுடும், விளையாட்டு இல்ல. ஆனா ஆளத் தூக்கறது கீழ சத்தமில்லாம உக்காந்திருக்கற பெட்டி. நியான் போர்டு டிரான்ஸ்பார்மர் 9,000 வோல்ட்டு, அதுவே அபாயம். பழைய மைக்ரோவேவ் அடுப்புல கழட்டினதுன்னா 2,000 வோல்ட்டு, அரை ஆம்பியர். ஒருக்காத் தொட்டா ரெண்டாந்தரம் தொட ஆளு இருக்காது. அந்தச் சாமான நீ தொடவே வேண்டாம், பட்டறைப் பக்கமும் கொண்டுவராத. அந்தப் பெட்டியோட சேத்துக் கட்டற கெப்பாசிட்டர், சுவிச்ச அமத்தின பொறவும் கரண்டப் புடிச்சு வெச்சிருக்கும். அதுக்குக் குறுக்க ரெசிஸ்டர் கட்டியிருக்கோணும். கட்டியிருந்தாலும் நம்பாம, நீளக் கைப்புடி வெச்ச கம்பியில எறக்கிப்போட்டுத்தான் கை வெக்கோணும். சர்க்யூட்டக் கட்டற வேலையும் முதத் தடவ ஓட்டற வேலையும் காலேஜு லேபுல, தெரிஞ்ச வாத்தியாரு பக்கத்துல நிக்கறப்ப. தனியா ராத்திரியில மச்சுல வேண்டாம்.

ஞாயித்துக்கெழம பட்டறைப் பக்கம் வா, கம்பிய அளந்து நிறுத்துத் தரச் சொல்றேன். சுத்தறதுக்கும் கூட உக்காந்துக்கறேன். ஓட்டறப்ப மட்டும் என்னயக் கூப்புடாத. நெஞ்சுக்குள்ள பேஸ்மேக்கர் வெச்சு அனுப்பியிருக்காங்க, உன்ற காயில் பக்கத்துல நிக்க அதுக்குக் கொடுத்து வெக்கல. வீடியோ எடுத்து அனுப்பு, நான் தாவாரத்துல உக்காந்து பாத்துக்கறேன். எடுக்கறவன அக்கட்டால தள்ளி நிக்கச் சொல்லு, போனு போச்சுன்னா உங்கொப்பன் என்றகிட்டத்தான் வருவான்.